தோசைக்கல்லில் ஸ்டேக்... பண்ருட்டி முந்திரியில் பாஸ்தா!

கடலூர் - சிதம்பரம் பேச்சலர்களுக்கும், புதுசாகக் கல்யாணமான கணவர்களுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பாடம்

ராத்திரி எட்டு மணிக்கு மேல் கடலூர் லாரன்ஸ் ரோடு பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். தோளில் பை, முகத்தில் அசதி, கையில் செல்போன் சகிதம் ஒரு கூட்டம் பரோட்டாக் கடை வாசலில் தவம் கிடக்கும். உள்ளே 'டணக் டணக்' என்று கொத்து பரோட்டா கச்சேரி. இவர்களில் பாதிப் பேர் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பிரம்மச்சாரிகள். மீதிப் பேர், மனைவி ஊருக்குப் போனதால் தற்காலிகப் பிரம்மச்சாரிகள்.

"ஏன் சார், வீட்டில் சமைக்கலாமே?" என்று கேட்டுப் பாருங்கள். "வெந்நீர் வைப்பேன் சார். முட்டை அவிப்பேன். அதுக்கு மேல நமக்கு வராது" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் இதே ஆசாமி ரூமுக்குப் போய்ப் படுத்துக்கொண்டு செல்போனில் பார்ப்பது என்ன தெரியுமா? வெள்ளைக்காரன் ஒருவன் கனமான இறைச்சித் துண்டை வாணலியில் போட்டு 'சொய்ங்ங்' என்று வறுப்பதை! பக்கத்தில் சீஸ் வழிய வழியப் பாஸ்தா. வயிற்றில் பரோட்டா, கண்ணில் பாஸ்தா!

கண்ணில் இருப்பதைத் தட்டுக்குக் கொண்டு வர முடியாதா? முடியும். அதற்கு நட்சத்திர ஓட்டல் வேண்டாம், புதுச்சேரிக்குப் பஸ் ஏற வேண்டாம். ஒரு தோசைக்கல், ஒரு மிக்ஸி, ஒரு மணி நேரம். அவ்வளவுதான் மூலதனம்.

ஸ்டீக்கா? ஸ்டெய்க்கா?

முதலில் பேர். எழுத்தைப் பார்த்தால் 'ஸ்டீக்' என்று படிக்கத் தோன்றும். வெள்ளைக்காரன் வாயில் அது 'ஸ்டெய்க்'. நாம் இரண்டுக்கும் நடுவே 'ஸ்டேக்' என்று சமாதானமாகப் போய்விடுவோம். பழைய நார்வே பக்கத்துச் சொல் அது. குச்சியில் குத்தி நெருப்பில் வாட்டியது என்று அர்த்தம். இப்போது, கனமாக வெட்டி, சூடான கல்லில் சுட்டெடுத்த துண்டம் எதுவானாலும் ஸ்டேக்தான்.

கடலூருக்கும் வெள்ளைக்காரனுக்கும் உறவு இன்று நேற்றல்ல. தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியர்களிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம் என்பதற்கு ஒரு வேடிக்கையான அளவுகோல். பீரங்கியால் சுட வேண்டியது. குண்டு விழுகிற தூரம் வரை கம்பெனிக்குச் சொந்தம்! அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமம்' என்றே பேர் வந்தது. 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டபோது, இந்தச் செயின்ட் டேவிட் கோட்டைதான் சில வருஷம் கம்பெனிக்குத் தென்னிந்தியத் தலைமையிடம். ராபர்ட் கிளைவ் 1756-ல் இதற்குக் கவர்னராக இருந்தார். இத்தனைக்குப் பிறகும் கடலூரில் தெருவுக்குத் தெரு முளைத்தது பரோட்டாக் கடைதானே தவிர ஸ்டேக் கடை அல்ல. பீரங்கிக் குண்டு போன தூரம் கூட வெள்ளைக்காரன் சமையல் போகவில்லை!

வெளிநாட்டு ஸ்டேக் என்றால் மாட்டிறைச்சிதான். சாப்பிடுகிறவர்கள் கடையில் 'அண்டர்கட்' என்று கேட்டு வாங்கினால்தான் ஸ்டேக்குக்கு ஆகும். முதுகெலும்பை ஒட்டி, அதிகம் வேலை செய்யாத சதை அது. அதனால் மெத்தென்று இருக்கும். நடந்து நடந்து உரமேறிய தொடை, தோள் சதையைக் கல்லில் போட்டால் செருப்பு மாதிரி ஆகிவிடும். அதற்குக் குழம்புதான் கதி. நம் ஊர் ஆட்டுக்கறிக்கும் இதே கதைதான். மெதுவாக, ஈரத்தில், நேரம் எடுத்து வெந்தால்தான் அது மனிதனோடு பேசும்.

ஆனால் கடலூர்க்காரருக்கு ஏன் இந்தக் கவலை? மீன் மார்க்கெட்டில் அம்மாக்கள் அரிவாள்மனையில் வஞ்சிரத்தைக் குறுக்கே 'சரக்' என்று நறுக்கித் தருகிறார்களே வட்டமாக, நடுவில் முள்ளோடு... இங்கிலீஷ் சமையல் புத்தகத்தில் அதற்கும் பேர் ஸ்டேக்தான்!

"அம்மா, நடுத்துண்டு போடுங்க!"

வஞ்சிரம் வாங்கப் போனால் இரண்டே இரண்டு துண்டு கேளுங்கள். ஆனால் வீட்டுக் குழம்புக்குப் போடுகிற மாதிரி மெல்லிசாக வேண்டாம். ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் கனம். "என்ன தம்பி, இவ்ளோ தடியா? உப்புக் காரம் உள்ள இறங்காதே!" என்று கட்டாயம் கேட்பார்கள். புன்னகை செய்யுங்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் சுற்றியுள்ள நாலு கடைக்காரர்களும் சேர்ந்துகொண்டு உங்களுக்குக் குழம்பு வைக்கக் கற்றுத் தந்துவிடுவார்கள்.

முழு மீனாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். செவுள் நல்ல சிவப்பாக இருக்கணும். கண் பளபளவென்று பிதுங்கி இருக்கணும். விரலால் அழுத்தினால் சதை திரும்ப எழும்பணும். இன்னொரு முக்கியமான சமாசாரம். வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி மூன்றும் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்து மீனை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடிக்கும். கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் அது போகாது. ஆகவே ஐஸில் இருந்த மீனைத்தான் வாங்க வேண்டும். வாங்கியதும் நேரே வீடு. மீன் பையை வண்டியில் மாட்டிக்கொண்டு நண்பனோடு டீக்கடையில் அரசியல் பேசக்கூடாது.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரித்துப் பெருக அரசாங்கம் கொடுக்கும் லீவு. அந்த நாட்களில் வஞ்சிரத்தின் விலையைக் கேட்டால் உங்களுக்குத்தான் முகம் சிவக்கும். அப்போது சிதம்பரம் பாணிக்கு மாறிவிடுங்கள். அது பின்னால் வருகிறது.

பண்ருட்டி தந்த க்ரீம்

பாஸ்தா என்றதும் மிரள வேண்டாம். ரவை மாவைப் பிசைந்து, அச்சில் பிழிந்து, காய வைத்தது. சேமியாவுக்குப் பெரியப்பா மகன். ஒரே வித்தியாசம், இத்தாலிக்காரர்கள் 'டியூரம்' என்ற கெட்டிக் கோதுமையில் செய்கிறார்கள். அதனால் வெந்தாலும் குழையாமல் விறைப்பாக நிற்கும். பாக்கெட்டின் பின்பக்கம் 'டியூரம்' என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். வடிவம் உங்கள் இஷ்டம். புதியவர்களுக்கு ஸ்க்ரூ வடிவம் நல்லது. மரைக்கு மரை சாஸ் ஒட்டிக்கொள்ளும்.

க்ரீமுக்கு எங்கே போவது? பக்கத்து ஊர்தானே பண்ருட்டி! இருபது முந்திரிப் பருப்பை வெந்நீரில் ஊறப் போட்டு, பால் விட்டு மிக்ஸியில் அரைத்தால் வெண்ணெய் மாதிரி விழுது கிடைக்கும். குருமாவுக்கு நம் அம்மாக்கள் செய்கிற அதே வித்தை. முந்திரியில் கொழுப்பும் மாவும் இரண்டும் இருப்பதால் சாஸைத் தானே கெட்டியாக்கிவிடும். மைதா தேவையில்லை.

"மீன் ஓகே, முந்திரியெல்லாம் நம்ம சாமான். அதை வைத்து ஃபாரின் டிஷ்ஷா?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. முந்திரியே ஃபாரின்தான் சார்! பிரேஸில் நாட்டு மரம். போர்ச்சுகீசியர்கள் கப்பலில் கொண்டு வந்தது. அந்தப் பறங்கியரின் பேரைத்தான் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே பரங்கிப்பேட்டை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. மிளகாயும் அப்படி வந்ததுதான். பொங்கலில் முந்திரியைத் தேடித் தேடிப் பொறுக்கும்போது அது எந்த ஊர் என்று யாராவது விசாரிக்கிறோமா?

அந்த முந்திரிக்கு ஒரு சோகக் கதையும் உண்டு. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியபோது, பண்ருட்டிப் பக்கம் தோப்புத் தோப்பாக முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஒரே காலைப் பொழுதில் பல குடும்பங்களின் பல வருஷச் சம்பாத்தியம் தரையில் கிடந்தது. நெல் என்றால் அடுத்த போகத்தில் பார்த்துக்கொள்ளலாம். மரத்துக்குக் கன்று நட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தவர்களின் பருப்புதான் உங்கள் மிக்ஸியில் சுற்றுகிறது. கடைசிச் சொட்டு வரை வழித்து ஊற்றுங்கள்.

சீஸ் விஷயத்தில் ஏழைக்குத்தான் அதிர்ஷ்டம். விலை உயர்ந்த சீஸைப் பாலில் போட்டால் எண்ணெய் பிரிந்து, திரிந்து, கயிறு மாதிரி இழுக்கும். மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண 'பிராஸஸ்டு' சீஸ் க்யூப் சமர்த்தாகக் கரையும். காரணம், சோடியம் சிட்ரேட் மாதிரியான உப்பு அதில் சேர்ந்திருப்பதுதான். கொழுப்பையும் தண்ணீரையும் சண்டை போடாமல் பிடித்து வைக்கும் மத்தியஸ்தர் அது. 1911-ல் ஸ்விட்சர்லாந்தில் கண்டுபிடித்த வித்தை.

அடுப்பங்கரையில் ஒரு மணி நேரம் (இருவருக்கு)

ஒன்று: மீன் துண்டுகளைக் கழுவி, உப்புத் தடவிக் கால் மணி நேரம் வையுங்கள். முந்திரியை வெந்நீரில் போடுங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீரை அடுப்பில் ஏற்றி, ஒரு மேஜைக்கரண்டி உப்புப் போடுங்கள்.

இரண்டு: தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் 150 கிராம் பாஸ்தா. பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னால் ஒன்றை எடுத்துக் கடியுங்கள். பல்லில் லேசாக எதிர்ப்புக் காட்டினால் சரி. வடிக்கும்போது அந்தக் கஞ்சித் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொட்டிவிட்டால் பாதி ருசி சிங்க்கில் போச்சு!

மூன்று: வாணலியில் ஒரு கரண்டி வெண்ணெய், நசுக்கிய பூண்டு நாலு பல். பூண்டு வாசம் வந்ததும் ஒரு டம்ளர் பால், முந்திரி விழுது. சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். கெட்டியானதும் அடுப்பை அணைத்துவிட்டு, துருவிய சீஸ் க்யூப் மூன்று. பாஸ்தாவைப் போட்டு, கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் புரட்டுங்கள். மிளகுத்தூள் தாராளமாக. உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள். சீஸிலும் உப்பு, கஞ்சியிலும் உப்பு.

நான்கு: இப்போதுதான் ஹீரோ என்ட்ரி. இரும்பு தோசைக்கல்லை நன்றாகக் காய விடுங்கள். மீன் துண்டுகளைச் சுத்தமான துணியால் ஒற்றி ஒற்றி ஈரமில்லாமல் துடையுங்கள். இந்த ஒரு வேலையில்தான் எல்லாம் இருக்கிறது. ஈரம் இருந்தால் கல்லின் சூடு முழுக்கத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். தண்ணீர் இருக்கும் வரை மீனின் மேல்பக்கச் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மீன் அவியுமே தவிர முறுகாது. அந்தப் பொன் நிறமும் மணமும் வருவதற்கு 140 டிகிரிக்கு மேல் வேண்டும். மயார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1912-ல் இதை விளக்கினார். நம் முறுகல் தோசையின் ஓரமும் அவர் கணக்கில்தான் வருகிறது.

ஐந்து: மிளகுத்தூள் தூவி, இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு, துண்டுகளைப் போடுங்கள். போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். நாலு நிமிஷம் தொடக்கூடாது! ஒட்டிக்கொண்டதே என்று பதறித் தோசைத் திருப்பியால் சுரண்டினால் மீன் புட்டு ரெடி. முறுகியதும் அதுவே கல்லை விட்டுக் கிளம்பும். திருப்பிப் போட்டு இன்னொரு மூன்று நிமிஷம். கடைசியில் கொஞ்சம் வெண்ணெய், கறிவேப்பிலை. நடு முள்ளுக்குப் பக்கத்தில் சதை வெள்ளையாகி, இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது. மேலே எலுமிச்சை.

அதிக சூட்டில் போட்டால் 'ஜூஸ்' உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். 19-ம் நூற்றாண்டில் லீபிக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி பிரபலமாக்கிய கருத்து அது. பிற்பாடு தப்பு என்று நிரூபணமாகிவிட்டது. 'சொய்ங்ங்' என்று சத்தம் வருகிறதே, அதுவே ஜூஸ் வெளியே வரும் சத்தம்தான்!

சிதம்பரம் எடிஷன்

சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ரூம் தேடியவர்களுக்குத் தெரியும். ஹவுஸ் ஓனரின் முதல் கேள்வி, "கவிச்சி சமைப்பீங்களா?" இல்லை என்று தலையாட்டி உள்ளே வந்துவிட்டு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு மீன் வறுப்பது நாகரிகமும் அல்ல, நடக்கிற காரியமும் அல்ல. மீன் வாசனைக்குச் சாவி தேவையில்லை.

இவர்களுக்கு வழி காட்ட கொத்சு இருக்கிறது. சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் சிதம்பரத்தின் அடையாளம். மிளகு, சீரகம் மணக்கும் சாதத்துக்குப் புளியும் வறுத்து அரைத்த பொடியும் சேர்ந்த கத்திரிக்காய் ஜோடி. அந்த ருசியை அப்படியே ஸ்டேக்குக்குக் கடத்தலாம்.

பெரிய கத்திரிக்காயை 2 சென்டிமீட்டர் கனத்துக்கு வில்லைகளாக நறுக்கி, உப்புத் தடவி இருபது நிமிஷம் வையுங்கள். தண்ணீர் விடும். துடைத்துவிட்டு இரண்டு பக்கமும் கத்தியால் குறுக்கு நெடுக்காகக் கீறுங்கள். நல்லெண்ணெய் விட்டு நடுத்தரத் தீயில் பக்கத்துக்கு ஐந்து நிமிஷம், மூடி போட்டு. தனியா, கடலைப் பருப்பு, காய்ந்த மிளகாயை வறுத்துப் பொடித்து, துளி புளித் தண்ணீரில் குழைத்து மேலே தடவி இன்னும் ஒரு நிமிஷம். வெளியே முறுகல், உள்ளே வெண்ணெய். பக்கத்தில் முந்திரிப் பாஸ்தா. சீஸ் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால், ஹவுஸ் ஓனரையே சாப்பிடக் கூப்பிடலாம். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும் நாளில் உதவும்.

ஐந்தொகை

பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு கணக்கு எழுதாமல் விட முடியுமா?

பற்று: மீன் இரண்டு துண்டு அல்லது கத்திரிக்காய் ஒன்று, பாஸ்தா 150 கிராம், முந்திரி இருபது, சீஸ் க்யூப் மூன்று, பால், வெண்ணெய் கொஞ்சம், நேரம் ஒரு மணி.

வரவு: இரண்டு பேருக்கு வயிறு நிறையச் சாப்பாடு. எந்த எண்ணெய், எத்தனை தடவை காய்ந்தது என்று உங்களுக்கே தெரிந்த சாப்பாடு.

தேய்மானம்: தோசைக்கல்லுக்குக் கிடையாது. புழங்கப் புழங்க மதிப்பு ஏறும் சொத்து. ஆனால் மீனுக்கென்று தனிக் கல் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலைத் தோசையில் வஞ்சிர வாசனை வந்தால் குடும்ப அமைதி வாராக்கடன் ஆகிவிடும்.

இந்தக் கணக்கில் வராத ஒரு கணக்கும் இருக்கிறது. கடலூரில் குமாஸ்தா வேலை பார்க்கும் நண்பர் ஒருவர். மனைவிக்குச் சிதம்பரத்தில் வேலை. நண்பர் ஆறேகாலுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். மனைவி பஸ் பிடித்து, நின்றுகொண்டே பயணம் செய்து, ஏழே முக்காலுக்கு வருவார். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறை. நண்பர் டி.வி. முன்னால் உட்கார்ந்தபடி, "அவசரமே இல்லம்மா, மெதுவா பண்ணு" என்பார். பெரிய மனசு!

ஒருநாள் மனைவி சொன்னாராம்: "எனக்கும் வீட்டுக்குள்ள நுழையறப்போ யாராவது அடுப்புல எதையாவது வெச்சிருக்க மாட்டாங்களான்னு இருக்குங்க." சண்டை இல்லை, அழுகை இல்லை. சும்மா சொன்னதுதான். நண்பருக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிறு தோசைக்கல்லைக் கையில் எடுத்தார். இப்போது வாரத்தில் மூன்று நாள் ராத்திரிச் சமையல் அவருடையது. தினமும் ஸ்டேக் இல்லை சார், ரசமும் அப்பளமும்தான். "மாப்பிள்ளை கையில கரண்டியா!" என்று மாமியார் முதலில் அதிர்ச்சியானாராம். சாப்பிட்ட பிறகு, "கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்றாராம்.

2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் கை வைத்த பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். அப்படிக் கை வைத்தவர்களிலும், பெண் செலவழித்த நேரம் சராசரி 299 நிமிஷம். ஆண் 97 நிமிஷம். கல்யாணச் சமையலுக்கு ஆண், ஓட்டலில் பரோட்டா வீசுவது ஆண், கோயில் மடைப்பள்ளியில் கரண்டி பிடிப்பதும் ஆண். வீட்டு அடுப்பைக் கண்டால் மட்டும் இவனுக்குத் திடீரென்று "நமக்கு வராது"! ஊருக்கெல்லாம் வருகிற கை வீட்டுக்கு மட்டும் எப்படி வராமல் போகும்?

பேச்சலர்களே, நீங்கள் இப்போதே பழகிக்கொண்டால் நாளைக்கு வரப்போகிறவர் உங்கள் வீட்டுப் படியேறும்போது வாசனை அவரை வரவேற்கும். கல்யாணமானவர்களே, உங்களுக்கு அவகாசம் அடுத்த ஞாயிறு வரைதான்.

என்ன, பாத்திரமா? சீஸ் ஒட்டின வாணலி, முந்திரி ஒட்டின மிக்ஸி ஜார், மீன் மணக்கும் கல்... அத்தனையையும் சிங்க்கில் குவித்துவிட்டு, "எப்படிம்மா என் சமையல்?" என்று கேட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தீர்களோ, மேலே எழுதிய வரவு முழுக்கப் பற்றில் போய்விடும். வெந்நீர் வைக்கத் தெரியும் என்று முதலிலேயே சொன்னீர்களே... வையுங்கள்!